குதிரைவீரன் தூண்

தூணை விட்டு ஓர் அடி நகரவில்லை தனுஷ்கோடி. முதுகை ஒட்ட வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் கல்லில் பதித்துக்கொண்டு, வந்திருந்தவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மண்டபத்துல சுண்ணாம்பும் கெடையாது, சிமெண்ட்டும் கெடையாது. கல்லு மேல கல்லு, அம்புட்டுத்தான். அதோட பாரமே அதுக்குப் பிடிமானம். அந்தா, அந்தத் தூணப் பாருங்க. அடியில சதுரம், நடுவுல எட்டுப்பட்டை, மேல திரும்பச் சதுரம்."

அந்தத் தூணையும் தாடையால்தான் காட்டினார்.

பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் தன்னார்வ வழிகாட்டிகளுக்கு அருப்புக்கோட்டையில் நடந்த பயிற்சியின் கடைசித் தேர்வு அது. இதில் தேறினால் கழுத்தில் அடையாள அட்டை. நூல் மில்லில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வெங்காயம் உரி, ரேஷனுக்குப் போ என்று மனைவி பேச்சி ஏவுகிற ஏவலிலிருந்து அந்த அட்டை ஒன்றுதான் விடுதலை.

யாருக்கு எந்தக் கட்டடம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். அவருக்குப் போய் விழுந்தது பரளச்சி ரோட்டோரத்துக் கல் மண்டபம். ஊரில் வேறு கட்டடமே இல்லையா?

அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் சுற்றுவட்டாரத்துக்கே இந்த மண்டபம்தான் பஸ் ஸ்டாப். பஸ் வரும் வரை பிள்ளைகளுக்கு வேறென்ன வேலை? ஆணியை எடுத்துத் தூணில் பெயர் செதுக்குவதுதான். அப்படி அவர் செதுக்கியது, 'தனுஷ்கோடி – மாரிக்கனி'. சுற்றிலும் ஓர் இதயம், நடுவில் அம்பு.

மாரிக்கனி பேச்சிக்கு ஒன்றுவிட்ட அக்கா. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவரோ, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பொம்பளைப் பிள்ளையை ஏறிட்டுப் பார்த்ததில்லை என்று முதலிரவில் சொன்னதை இன்று வரை காப்பாற்றி வருகிறார். முந்தின நாள் தனியாக வந்து தேங்காய் நாரால் தேய்த்தும் பார்த்தார். அழுக்குப் போய்ப் பெயர் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

பேச்சியை அவர் கூப்பிடவே இல்லை. எந்த மண்டபம் என்று கேட்டவள், "நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். வேனை விட்டு இறங்கியதும் முதல் ஆளாக மண்டபத்துக்குள் நுழைந்தாள். அவருக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, முட்டி வலிக்கிறது என்று அவள் எதிர்த் தூணில் போய்ச் சாய்ந்துகொண்டாள். அந்த இடைவெளியில் அவர் ஓடிவந்து தம் தூணைப் பிடித்தார்.

"முட்டி வலின்னா சேர்ல உக்காருங்கம்மா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள், மார்க் போட வந்திருந்த பயிற்சியாளர் சுகப்பிரியா.

"இருக்கட்டும் தாயி. இப்படிச் சாஞ்சு நின்னாத்தேன் எனக்குச் சொகமா இருக்கு."

வந்தவர்களில் ஒரு காலேஜ் பெண், ஒவ்வொரு தூணாகப் போய் அங்கிருந்த பெயர்களைச் சத்தம் போட்டு வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "யாக்கோபு – ஞானப்பூ! ஐயோ, இங்க பாருங்க, இதுல ஒரே பையனுக்கு ரெண்டு பொண்ணு!"

தனுஷ்கோடிக்குச் சட்டை நனைந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வழி பார்த்தார்.

"ஏத்தா பேச்சி, தொண்ட வறளுது. வேனுல தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வாயேன்."

"எனக்கு முட்டி வலிக்கி. நீங்களே போயிக் குடிச்சிட்டு வாங்க."

அந்த வழியும் அடைபட்டது. சுகப்பிரியா கையிலிருந்த மார்க் தாளைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, ரொம்ப நல்லாப் பேசுறீங்க. ஆனா நின்ன எடத்துலயே நிக்கிறீங்களே. இந்த மண்டபத்துல முக்கியமே குதிரைவீரன் சிற்பம்தான். அது உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. அதக் காட்டாம முடிச்சா நான் எப்படி அட்டை தர்றது?"

வெங்காயமும் ரேஷன் கடையும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. நகர்ந்தால் அதைவிட மோசம். காலேஜ் பெண் வேறு அவர் தூணை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் தூணு... இத கடேசியாக் காட்டலாம்னு இருக்கேன் மேடம்."

"எல்லாம் பாத்தாச்சுய்யா. மிச்சம் ரெண்டே தூணுதான். நீங்க நிக்கிறது ஒண்ணு, அம்மா சாஞ்சிருக்கிறது ஒண்ணு."

இதுதான் சமயம் என்று தனுஷ்கோடி பிடித்துக்கொண்டார். எல்லாரையும் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால், இவர்கள் பார்த்து முடிப்பதற்குள் பொழுது போய்விடாதா? சட்டென்று குரலை உயர்த்தினார்.

"அப்ப மொதல்ல அந்தத் தூணப் பாத்துருவோம். ஏத்தா, நகரு. வந்தவுக பாக்கணும்ல? முட்டி வலியெல்லாம் வீட்டுல போயிப் பாத்துக்கலாம்."

பேச்சி அசையவில்லை. அப்போதுதான் அவர் கவனித்தார். அவளும் முந்தானையைப் பின்னால் விரித்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் பதித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தூணை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல நீங்க நகருங்க. பெறகு நா நகருறேன்."