வளைவில் தட்டும் இஞ்சின்

"தட்டுறது இஞ்சின் இல்ல ஃபாஸில். இவன்! இவன் வாய்!"

எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர் சுதேஷ் அண்ணன் என் காலரைப் பிடித்து, மெக்கானிக் ஃபாஸிலின் கட்டுகஸ்தோட்டை கராஜுக்குள் தள்ளினார்.

விஷயம் இதுதான். கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும்போது, அந்தப் பெரிய வளைவுக்கு முன்னால் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் உடையப்போகுது என்று அண்ணன் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். வேன் ஆமையாகும். சத்தம் நின்றுவிடும்.

நான் உட்காருவது அவருக்கு நேர் பின்னால். போதாததற்கு, பிரின்சிபலின் இருமல், "நுவர நுவர நுவர" என்று கண்டிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்தும் பஸ் கொண்டக்டர், எல்லாரும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள். சுதேஷ் அண்ணனும்தான்.

"ஏறினா பேசாம இருங்க! ஓட்டுறது நானா, நீங்களா?"

மெதுவாகப் போகச் சொன்னால் அவர் சொல்லும் பதில் அது. முன் சீட்டில் வரும் கஜலட்சுமி டீச்சர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அண்ணன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு டீச்சர் உண்டு, அவர் திருத்தும் கொப்பிகள் உண்டு. நான் யார் குரலிலாவது பேசினால் மட்டும் திரும்பி என் காதைத் திருகுவார்.

"இவன்தான்னு தெரிஞ்சா நாளைக்கு வேன் கிடையாது!" என்றார் அண்ணன்.

எங்கள் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குக் காலையில் பஸ் இல்லை. வேன் போனால் ஸ்கூலும் போச்சு.

"சத்தியமா நான் இல்லண்ணே! அவ்வளவு அசலா எனக்கே வராது!"

காது திருகும் டீச்சர்கூடக் காலையில், "அவன் இல்ல சுதேஷ், விட்டுடுங்க" என்று எனக்காகப் பேசினார். அதுவே அதிசயம்தான். அண்ணன் கேட்கவில்லை.

ஃபாஸில் நானா சிரித்தார். "காதால கேட்டு டியூன் பண்ற காலம் போச்சு. இது பொய் சொல்லாது."

போன கிழமையே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிட்டிருந்தார். வேகம், ஆக்ஸிலேட்டர், பிரேக், இஞ்சினில் விழும் தட்டு எல்லாவற்றையும் அது பதிந்து வைக்கும். லெப்டொப்பில் கோடு கோடாக வந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு ஃபோன் வந்தது. வெளியே போனார்.

நானா கோடுகளையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இஞ்சின்ல ஒரு தட்டும் இல்ல தம்பி. புது இஞ்சின் மாதிரி ஈக்கி. ஆனா இத பாருங்க. ஒவ்வொரு நாளும் எழுபதுல வந்து, வளைவுக்கு முன்னால முப்பதுக்கு எறங்குது. புதன்கிழமை மட்டும் எறங்கல்ல. எழுபதுலயே போய், வளைவுக்குள்ள ஒரே பிரேக்."

எனக்கு நெற்றி வலித்தது. புதன்கிழமை எதிரே கொழுந்து லொறி. வேனின் முன் சில்லு பள்ளத்து ஓரம்வரை உருண்டுபோய் நின்றது. என் நெற்றி அண்ணனின் சீட்டில் மோதியது. அன்றைக்கு அந்தச் சத்தம் வரவே இல்லை என்று நானாவிடம் சொன்னேன்.

"அன்னைக்கு வேன்ல நீங்க ஈந்தீங்க. அப்ப தட்டுறது நீங்க இல்ல. அன்னைக்கு வராதது யாரு?"

வேனின் முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். புதன்கிழமை அது காலியாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்த நானா லெப்டொப்பை டக்கென்று மூடினார். அண்ணன் உள்ளே வந்தார்.

"என்னா ஃபாஸில், இவன்தானே?"

"இல்ல சுதேஷ். இஞ்சின்தான். டியூன் பண்ணியும் சரிவராது. சத்தம் கேட்டா ஒடனே காலை எடுத்துடுங்க. எடுக்காட்டி, முடிஞ்சுது!"

அண்ணனின் முகம் வெளுத்தது. என் காலரை அவரே நீவிவிட்டார்.

மறுநாள் காலை. வளைவு நெருங்கியது. டக் டக் டக். வேன் ஆமையானது. நான் மெல்ல எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் டீச்சரின் வலது கை கொப்பி திருத்திக்கொண்டிருந்தது. இடது கையின் மோதிரம் கதவுக் கம்பியில் இருந்தது.

டீச்சர் திரும்பினார். என் கை தானாகக் காதைப் பொத்தியது.

ஸ்கூல் வாசலில் இறங்கும்போது டீச்சர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"நாளைக்கு நான் லீவு. அந்தச் சத்தம் உன் வாயில வருமாடா?"