வெள்ளி அரைஞாண்

"இதுதான் கடைசி அண்ணி. இதுக்கு மேல கடலோரத்துல போய்க் கேக்க ஊர் இல்லை" என்றான் பரமசிவம்.

முத்தாயி மாட்டுவண்டியை விட்டு இறங்கினாள். விடியுமுன் தேக்காவில் ஏறியது. சாங்கி வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கால்கள் மரத்துப் போயிருந்தன. ஒரே மாதத்தில் இது மூன்றாவது மீனவக் கிராமம். முந்தைய இரண்டிலும் கையை விரித்துவிட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் சரக்குத் தோணி ஒன்று புயலில் கவிழ்ந்தது. அதில் வேலைக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இப்போது மகள் கண்மணிக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் பூவம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே நிதானமாகத்தான் சொன்னாள்:

"தகப்பன் இருந்தா வந்து தாரை வார்க்கட்டும். இல்லேன்னா சித்தப்பன் வார்க்கட்டும். இருக்கானா இல்லையான்னே தெரியாத வீட்டுல நான் எப்படிப் பொண்ணு எடுக்கிறது?"

ஆடி பிறக்குமுன் பதில் வேண்டுமாம்.

கரையில் கழிகள்மேல் நின்ற ஓலை வீடுகள். முகப்பில் சாயம் தீட்டிய படகுகள் மணலில் கிடந்தன. காற்றில் கருவாட்டு வாசனை. வலை பின்னிக்கொண்டிருந்த அப்துல் அலீம், நாகூரிலிருந்து வந்து மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். பரமசிவம் வந்த காரியத்தைச் சொன்னதும், உள்ளே போய் ஒரு பிரம்புக் கூடையோடு வந்தார். கடல் ஒதுக்கும் உடலை இந்த ஊரார் அடக்கம் செய்துவிட்டு, மேலிருந்த பொருளை மட்டும் எடுத்து வைப்பார்களாம். எத்தனை தலைமுறை ஆனாலும் விற்பதில்லை. உறவுக்காரர் வரும்வரை கூடையில்தான் இருக்கும்.

கூடைக்குள்ளிருந்து அவர் எடுத்தது கறுத்துப்போன வெள்ளி அரைஞாண்.

"அந்தப் புயலுக்கு மறுவாரம் ஒதுங்கின உடம்பு. முகம் தெரியலை. இதை வெச்சுத்தான் நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுன்னு கண்டுக்கிட்டோம்."

பரமசிவம் அதை வாங்கிப் புரட்டிவிட்டு அண்ணியிடம் நீட்டினான். அண்ணனின் இடுப்பில் கிடந்ததை அவன் எங்கே கண்டான்?

முத்தாயி வாங்கினாள். ஆமாம் என்றால் இன்றே குங்குமம் போகும். மகள் கல்யாணத்தில் மணவறைப் பக்கம் வராமல், எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இல்லை என்றால் கண்மணிக்கு அந்த மணவறையே இல்லை.

"நல்லாப் பாரு தங்கச்சி" என்றார் அப்துல் அலீம். "அவசரப்படாதே. தப்பான ஆளுக்கு அழுதுட்டா, இவனுக்குன்னு அழ ஆளில்லாமப் போயிடும்."

அவள் விரல்கள் கொக்கியைத் தடவின. அலை வந்து போயிற்று, மறுபடி வந்தது.

"அவரோடதுதான்" என்றாள்.

பரமசிவம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வண்டிப் பக்கம் போனான். முத்தாயி புறங்கையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். அழுகை தானாக வந்தது. மண்ணுக்குள் கிடப்பவனுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவ்வளவு அசதியாக இருந்தது.

அழுது ஓய்ந்தபின் அரைஞாணை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போ தங்கச்சி. இனி இது உன்னோடது."

"இங்கேயே இருக்கட்டும் பாய்" என்றாள் மெதுவாக. "வேற யாராச்சும் தேடிக்கிட்டு வந்தா, அவங்களுக்கும் எடுத்துக் காட்டுங்க."

அப்துல் அலீம் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு அரைஞாணைக் கூடையில் போட்டு மூடினார்.

வண்டி நகர்ந்ததும் முத்தாயி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 'எனக்கு இங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, என்னைத் தேட வேண்டாம்' என்று இரண்டு மாதத்துக்கு முன் பினாங்கிலிருந்து அவள் புருஷன் எழுதிய கடிதம், அதற்குள் பத்திரமாக இருந்தது.