ஆனையூர் ஃபைல்

"ஆனையூர் ஃபைலையும் தூக்கப் போறாராம்ல காசிமாயண்ணன்?"

மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த முத்துமீனாவுக்குச் சுருக்கென்றது. உள்ளே பேசியது ரோகிணி.

"தூக்காம? நாலு வருசமா அவரு ராஜ்ஜியம். நேத்து வந்த பிள்ளைக்குப் பேரு வந்தா பொறுக்குமா?" இது அழகுராஜா.

அவர்கள் நடத்துவது, மதுரை டவுன் பஸ் எப்போது வரும் என்று சொல்லும் இலவச ஆப். பத்துப் பேர் சும்மாவே சேர்ந்து எழுதுகிறார்கள். அதன் கோடிங் ஊருக்கே திறந்து கிடக்கும். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும்.

ஆனையூர் பஸ்ஸுக்கான ஃபைலில் அறுபது வரிக்குப் பக்கத்தில் 'முத்துமீனா' என்றிருந்தது. இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த முதல் இன்டர்வியூ நாளைக்கு. 'நீங்கள் எழுதிய கோடிங்கைக் காட்டுங்கள்' என்று கேட்டிருந்தார்கள். அவளிடம் காட்ட அந்த அறுபது வரிதான் உண்டு.

வியாழக்கிழமையே காசிமாயன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: 'ஆனையூர் ஃபைலை யாரும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கிறேன்.' இன்றைக்கு ஞாயிறு.

"ஒரு நாள் தள்ளிப் போடுங்கண்ணேன்னு கேளுடி" என்றாள் ரோகிணி, உள்ளே வந்த முத்துமீனாவிடம்.

"நீ கேளேன்."

"ஆத்தாடி, நானா? அந்த மூஞ்சியப் பாத்து யாரு கேக்குறது?"

அந்த மூஞ்சி அப்போதுதான் உள்ளே வந்தது. விளாங்குடியில் உரக்கடை வைத்திருப்பவர் காசிமாயன். கல்லாவில் உட்கார்ந்தே கம்ப்யூட்டர் கற்றவர். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டினார்.

"அழகர் ஆத்துல இறங்குன அன்னைக்கு என்னாச்சு? பஸ்ஸெல்லாம் சுத்துப்பாதையில போகுது. நம்ம ஆப்பு அஞ்சு நிமிசத்துல வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருக்கு. வில்லாபுரத்துல ஒரு அம்மா கைப்பிள்ளையோட ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுருக்கு. ஏன்?"

அவரே பதிலும் சொன்னார்.

"ஒரே கணக்கை ஒம்போது ரூட்டுக்கும் ஒம்போது தடவ காப்பியடிச்சு வச்சிருக்கோம். ஒண்ணுல திருத்துனா மத்த எட்டும் பழசாவே கிடக்கு. இனிமே ஒரே இடத்துல, ஒண்ணே ஒண்ணுதான்."

அழிக்க ஆரம்பித்தார். வில்லாபுரம் போனது. விளாங்குடி போனது. திரையையே பார்த்துக்கொண்டிருந்த முத்துமீனா பெயர்களைக் கவனித்தாள். போன எட்டிலும் வரிக்கு வரி 'காசிமாயன்'.

"என்ன, தன்னோடதையே அழிக்கிறாரு?" ரோகிணி கிசுகிசுத்தாள்.

"பொறு. ஆனையூரையும் தூக்கிட்டுப் புதுசா ஒண்ணு எழுதி, மொத்தத்துக்கும் தன் பேரப் போட்டுக்குவாரு பாரு" என்றான் அழகுராஜா.

திரையில் ஆனையூர் வந்தது. காசிமாயனின் கை நின்றது.

"திருவிழாச் சுத்துப்பாதைய நெனச்சு எழுதுனது இது ஒண்ணுதான். அன்னைக்குச் சரியா ஓடுனதும் இதுதான். இனி ஒம்போது ரூட்டுக்கும் பொதுவா இதுதான் இருக்கப்போகுது."

அழகுராஜாதான் முந்திக்கொண்டான்.

"அதுக்கென்னண்ணே, வெட்டிப் பொது ஃபைல்ல ஒட்டிவிடுங்க. ரெண்டு நிமிச வேல."

"நான் ஒட்டுனா வரிக்கு வரி எம்பேருதான மாப்ள வந்து உக்காரும்?"

காசிமாயன் எழுந்தார். நாற்காலியை முத்துமீனா பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு, டீ சொல்லப் படியிறங்கினார்.