மயில் நடனத்துக்குப் பழைய ரெக்கார்டு

1971. அரூர் பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா. மேடையோரம் ரெக்கார்டு செட்டோடு உட்கார்ந்திருந்த பக்கத்து மைக்செட் கடை காஜாவிடம் பங்கஜவல்லி டீச்சர் பதற்றமாக வந்தார்.

"மயில் டான்ஸுக்கு எந்த ரெக்கார்டு போடப் போறீங்க பாய்?"

"அதே பாட்டுதான், ரெக்கார்டு மட்டும் புதுசுங்க டீச்சர். நேத்துதான் சேலம் போயி வாங்கியாந்தேன்."

"வேணாம். கடையில தினம் போடுவீங்களே, அந்தப் பழசையே போடுங்க."

காஜாவின் முகம் சுருங்கியது. "அதுல கீறலுங்க. ரெண்டாவது அடியில சிக்கி, மூணு தடவை அதையே பாடிட்டுத்தான் நகரும். போன மாசம் கல்யாண வூட்டுல அப்படிப் பாடி, பந்தலை விட்டே தொரத்திட்டாங்க. இங்கயும் மானம் போனா கடையை மூட வேண்டியதுதான்."

"அதைப் போட்டாத்தான் என் மானம் தப்பும் பாய்."

திரை விலகியது. காஜா பழைய ரெக்கார்டில் ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது அடியில் ஊசி சிக்கியது. ஒரே வரி மூன்று முறை ஒலித்தது. கேலிச் சிரிப்புக்குக் காத்திருந்தவன் காதில் கைதட்டல் விழுந்தது.

கண்ணைத் திறந்தான். எட்டு மயில்களும் மூன்றாவது சுற்றை முடித்துத் தோகை விரித்து நின்றன.

"பள்ளிக்கூடத்துல ஏது பாட்டுப்பெட்டி? உங்க கடைப் பாட்டைக் கேட்டுத்தான் மதிலுக்கு இந்தப் பக்கம் ஆடிப் பழகினோம். பாட்டே அப்படித்தான்னு நெனச்சு மூணு சுத்து வெச்சுட்டேன். நேத்து ரேடியோவுல கேட்டப்பதான் தெரிஞ்சுது" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார் டீச்சர்.

மயிலாக ஆடிய அந்த எட்டுப் பேரும் பிறகு கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போது மட்டும், அந்த ஒரு வரியை இன்னும் மூன்று முறைதான் பாடுகிறார்கள்.