தீர்த்தம் விழுந்த தொட்டி

அவன் கண்கள் மீனோடு போய்க்கொண்டிருந்தன. மீன் திரும்பினால் அவையும் திரும்பின.

கோமதி அடுப்படி வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள்.

மத்தியான வெயில் தொட்டித் தண்ணீரில் பட்டுச் சுவரெல்லாம் ஆடியது. நாற்காலியில் இருந்த அவன் சட்டையிலும் ஆடியது. வீடே எங்கேயோ மெல்ல மிதந்து போகிற மாதிரி இருந்தது.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் அவனுக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போயிற்று. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கையும் வந்துவிடும் என்றார்கள். பேச்சுதான் வந்தபாடில்லை.

கோமதியை ‘கோமு’ என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருத்தன்தான் உண்டு. எங்கே போய்த் தொலைந்ததோ அந்தக் குரல்.

மீன் அவன் வாங்கி வந்தது. ஒன்றே ஒன்று, ஆரஞ்சு நிறம். அதைப் பார்க்கும்போது மட்டும் அவன் முகத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தது.

அது செத்துப்போனால் இவனும் உள்ளே எங்கேயோ போய்விடுவான். அந்தப் பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

அதனால் வீட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை மீன்தான் முடிவு செய்தது.

கொசுவத்தி போய்க் கொசுவலை வந்தது. தரைக்குப் பினாயில் கிடையாது, வெறும் தண்ணீர்தான். முகத்துக்குப் பவுடர் போடுவதென்றால் வாசற்படிக்கு வெளியே போகவேண்டும். கடுகு தாளிக்கும்போதெல்லாம் ஓடிவந்து தொட்டிமேல் துணி போடுவாள். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதே என்று பானையில் பிடித்து ஆறவிட்டுத்தான் மாற்றுவாள். அவனுக்குத் தைலம் தேய்த்த கையை, சோப்பு மீனுக்கு ஆகாது என்று கடலைமாவு போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி, அப்புறம்தான் மீனுக்கு இரை.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிகூட நின்றுவிட்டது. சாமி கோபித்தால் கோபிக்கட்டும். சாமிக்கு ஆயிரம் வீடு, அவளுக்கு இது ஒன்றுதானே.

அன்றைக்கு மதினி வந்தாள். அவனுடைய அக்கா. கையில் பெருமாள் கோவில் தீர்த்தம், செம்பு நிறைய. துளசியும் பச்சைக் கற்பூரமும் மணத்தன.

தம்பி வாயில் கொஞ்சம் விட்டாள். தலையில் தெளித்தாள். அப்படியும் பாதிச் செம்பு மீதி இருந்தது.

தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்ட முடியுமா? கால் மிதிக்கிற இடத்தில் ஊற்றினால் பாவம் வந்து சேருமே. செடிக்கு ஊற்றலாம் என்றால் இந்த மாடி வீட்டில் செடிக்கு எங்கே போவது?

மதினி சுற்றிலும் பார்த்தாள்.

“தண்ணியோட தண்ணி. அதுவும் ஒரு சீவன்தானே, குடிச்சிட்டுப் போவுது.”

செம்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள், மகராசி.

கோமதி அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, மீனு!”

ஆம்பிளைக் குரல். துருப்பிடித்த குரல்.

டம்ளர் கீழே விழுந்தது. ஓடி வந்தாள். அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றான். தொட்டி கோவில் மாதிரி மணத்தது. மீன் ஒருக்களித்து மேலே வந்துகொண்டிருந்தது.

இரண்டு கையாலும் அள்ளிப் பானைத் தண்ணீரில் விட்டாள். அது சாய்ந்தே கிடந்தது. செவுள் திறந்து மூடியது. பிறகு வால் ஒருமுறை அசைந்தது. நிமிர்ந்தது.

மதினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“பாத்தியாட்டி! பெருமாள் வாயத் தொறந்துட்டாருல்லா!”

படி இறங்கும்போது கீழ்வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

கோமதி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பானை அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். பேச்சு வந்தது. வந்து மீனைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டது.

ஒரு மீன்மேல் பொறாமைப்படுவேன் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

தொட்டியைக் கழுவி, தண்ணீர் மாற்றி, மீனை விட்டாள். சுவரில் வெயில் ஆடியது. அவன் கண்கள் மறுபடி அதன் பின்னால் போயின. வாய் திறக்கவில்லை. நாளைக்குத் திறக்கும் என்றிருந்தாள். நாளைகள் வந்து போயின.

ஒரு பிற்பகல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்தாள். கை கழுவவில்லை. விரல் எல்லாம் சோப்பு நுரை.

தொட்டிக்கு மேலே கையை நீட்டினாள்.

“மீனக் கூப்பிட்டீகல்லா. என்னையும் ஒரு தடவ கோமுன்னு கூப்பிடுங்க.”

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை. நுரை நடுவிரல் நுனிக்கு இறங்கியது.

மீன் இரை என்று நினைத்து மேலே வந்தது.

அவன் மீனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, விடாமல்.

இடக்கையை நீட்டி அவள் விரலுக்குக் கீழே உள்ளங்கையை விரித்தான். நுரை அதில் விழுந்தது.

அப்படியே அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். மடியில் வைத்தான். வேட்டி முனையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

அவள் அழுதாள்.

அவன் உதடு அசைந்தது.

மீனு என்று சொல்ல உதடு மூடவேண்டும். மூடவில்லை.

மெல்லக் குவிந்தது.