கோனுக்குப் பட்ட கண்

நெடுஞ்சாலை ஓரத்து ஐஸ்கிரீம் கடையின் உச்சியில், ஆளுயரச் சிமெண்ட் கோன் ஒன்று முப்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தது. கோடைக்கு முன் முதலாளி வீரபாகு அதற்கு ரோஸ் பெயிண்ட் அடித்து, இடுப்பில் நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை ஒன்றையும் கட்டிவிட்டார். கோனுக்குத் தலைகால் புரியவில்லை.

"என் அழகுக்குக் காவல் போட்டிருக்கார், பார்த்தியா?" என்றது பொம்மையிடம்.

மறுவாரமே எதிரில் புதுக்கடை வந்தது. அதன் போர்டில் கலர் கலராய் விளக்குகள் ஓடின. கார்களெல்லாம் அங்கேதான் நின்றன. கோனை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை.

"எனக்கு இங்கே வேலையே இல்லையே" என்று கொட்டாவி விட்டது பொம்மை. கோன் ஒரு மாதம் அதோடு பேசவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், கோனில் உச்சி முதல் இடுப்பு வரை விரிசல் விட்டது.

"வெயில்ல வெடிச்சிருக்கு" என்றது பொம்மை.

"வெயிலாம் வெயில். எத்தனை பேர் கண்ணு பட்டிருந்தா சிமெண்டே பிளக்கும்? நீ தூங்கிட்டே, போகட்டும் விடு." குரலில் கோபமே இல்லை.

வீரபாகு பூச்சுக் கரண்டியும் சிமெண்ட் கலவையுமாக ஏணியில் ஏறினார். கோன் பதறியது.

"நாலு நாள் கழிச்சுப் பூசக்கூடாதா இந்த மனுஷன்? எல்லாரும் பார்க்கட்டுமே."

பிறகு எதிர்க்கடை போர்டை இரக்கத்தோடு பார்த்தது.

"அதுக்கு ஒரு கீறல்கூட இல்லை, பார். பாவம், ஒருத்தர் கண்ணும் படலை."