வாயடைத்த சட்டப்பெட்டி

வக்கீல்போல் பேசும் இயந்திரமாகத் தெருவுக்கொரு இலவசச் சட்டப்பெட்டி வந்தபோது கூடவே ஒரு விதியும் வந்தது. ஒரு வழக்கில் முதலில் வந்து பேசுபவருக்குத்தான் பெட்டி வக்கீல்; எதிராளிக்கு யோசனை சொல்ல வாயே திறக்காது. மாடியில் குடியிருக்கும் பூங்கனியைத் தண்ணீரை நிறுத்திக் காலிசெய்ய வைக்கலாமா என்று கேட்க, வீட்டுக்காரர் சுடலைமுத்து அதன்முன் உட்கார்ந்தார்.

“மன்னிக்கணும் ஐயா. உங்களுக்கு எதிரா ஏற்கெனவே ஒருத்தர் வந்துட்டாங்க.”

“யாரு? பூங்கனியா?”

“பேரைச் சொல்லக்கூடாதுங்க.”

வழக்காகிவிடும் என்று பயந்த சுடலைமுத்து வீட்டுக்கு ஓடிவந்து, காலையில் மூடிய தண்ணீர் வால்வைத் திறந்துவிட்டு, மாடிப்படியில் நின்ற பூங்கனியைப் பார்த்தார்.

“எனக்கு முந்திப் பெட்டிகிட்ட போயிட்டியே தாயி, பலே ஆளுதான்!”

“நானா? குடத்தோட அலையவே நேரம் சரியாயிருக்கு. இனிமேதான் போகணும் அண்ணாச்சி.”

நேற்று முக்காடு போட்டு, குரலை மெலிதாக்கி, பூங்கனி என்று பெயர் சொல்லி, ‘வீட்டுக்காரர் தண்ணியை நிறுத்தினா நான் என்ன செய்யலாம்?’ என்று வேவு பார்த்த தாமேதான் பெட்டி சொன்ன அந்த ‘ஒருத்தர்’ என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தடுப்பதற்குள் பூங்கனி படியிறங்கிவிட்டாள். பின்னாலேயே ஓடியவரின் காதில் பெட்டியின் குரல் விழுந்தது.

“வாங்க பூங்கனியம்மா! தொண்டைக்கட்டு சரியாயிட்டா? நேத்து விட்ட இடத்துலேருந்து பேசுவோமா?”